தோட்டத்து மரக் காற்றாலை: டச்சுக் கோபுரமா, வால் வைத்த பண்ணை வடிவமா?

வீட்டுத் தோட்டத்தில் அழகுக்காக மரக் காற்றாலை ஒன்றை நிறுத்த விரும்புவோர் பெரும்பாலும் இரண்டு வடிவங்களுக்கு இடையில்தான் தடுமாறுகிறார்கள். முதலாவது, நெதர்லாந்தின் கிண்டர்டைக்கில் வாய்க்கால் ஓரமாக நிற்கும் 19 காற்றாலைகளைப் படங்களில் பார்த்துப் பழகிய, மேலே போகப் போகக் குறுகும் கோபுரமும் நான்கு நீண்ட இறக்கைகளும் கொண்ட வடிவம். இரண்டாவது, 1854-இல் டேனியல் ஹாலடே காப்புரிமை பெற்ற காற்றாலையின் வழியில் அமெரிக்கப் பண்ணைகளெங்கும் பரவிய, நான்கு கால் சட்டத்தின் உச்சியில் பல இறக்கைகளும் பின்னால் ஒரு வாலும் கொண்ட வடிவம். இரண்டும் தண்ணீர் வேலைக்கென்றே பிறந்தவை. முன்னது தாழ்நிலத்து நீரை வடித்தது, பின்னது கிணற்று நீரை இறைத்தது. நான் முதல் வடிவத்தைத் தருமபுரியில் எங்கள் வீட்டு வாசலுக்கும், இரண்டாவதை ஓசூரில் தம்பி வீட்டுத் தோட்டத்துக்கும் செய்தேன். சுழல்வதைப் பார்க்கத்தான் காற்றாலை என்றால் வால் வைத்ததே நம் பக்கத்துக்கு ஏற்றது என்பது என் முடிவு. ஆனால், நின்றாலே அழகு என்பவர்களுக்கு டச்சுக் கோபுரத்தின் மேல் உள்ள ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன்.

காரணம் காற்றில் இருக்கிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களில் வீசுவதுபோல் ஒரே போக்கில் அடிக்கும் காற்று தருமபுரி, கிருஷ்ணகிரி வீட்டுத் தோட்டங்களுக்குக் கிடையாது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் விட்டுவிட்டு அடிக்கும் காற்று, ஐப்பசியில் வடகிழக்குக்கு மாறிவிடுகிறது. பழைய டச்சு ஆலைகளில் கோபுரத்தின் தலையை ஆட்களே காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்தினார்கள். நாம் செய்யும் நான்கடிக் கோபுரத்தில் தலையை ஆணியடித்து இறுக்கிவிடுகிறோம். எங்கள் வீட்டுக் காற்றாலையை நான் மேற்கு நோக்கி நிறுத்தியதால் ஆடியில் அது நன்றாகவே சுழன்றது. ஐப்பசியில் காற்று முதுகுப் பக்கம் அடித்தபோது, சாய்த்துப் பொருத்திய தட்டையான இறக்கைகள் எதிர்த் திசையில் சுழன்றன. அந்தத் திருப்பத்தில் முன்பக்க நட் சிறிது சிறிதாகக் கழன்றுகொண்டே வந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு மழை நாள் மாலையில் நான்கு இறக்கைகளும் மொத்தமாகக் குரோட்டன்ஸ் செடிகளின் மேல் கிடந்தன. நைலான் வளையம் வைத்த நட்டையோ, ஒன்றின் மேல் ஒன்றாக இறுக்கிய இரண்டு நட்டுகளையோ போட்டிருந்தால் இது நடந்திருக்காது.

வால் வைத்த வடிவத்தில் இந்தச் சிக்கலே எழுவதில்லை, ஏனெனில் காற்று எங்கிருந்து வந்தாலும் வால் பின்னால் தள்ளப்பட்டு இறக்கைகள் தாமாகவே அதை எதிர்கொள்கின்றன. இறக்கைகள் கூடக் கூட வேகம் குறைந்தாலும் தொடங்குவதற்கான திருப்பு விசை கூடுவதால், வேப்பிலை அசையும் அளவுக் காற்றிலேயே அது நகரத் தொடங்கும். தம்பி வீட்டில் 24 அங்குல வட்டத்தில் 12 இறக்கைகள் வைத்தோம். முதலில் பொருத்திய சிறிய வால் அதைத் திருப்பப் போதாமல், 20 அங்குலத் தண்டும் அகலமான பலகையும் வைத்த பிறகே அது ஒழுங்காகத் திரும்பியது. காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும் என்பதால், ஆடி மாதத்துக்கு மட்டும் இறக்கைகளை ஒரு கயிற்றால் கட்டி வைப்பது நல்லது.

தச்சு வேலையிலும் இரண்டுக்கும் தூரம் அதிகம். எண்கோணக் கோபுரத்துக்கு எட்டுப் பலகைகளின் ஓரங்களையும் ஏறத்தாழ 22.5 பாகைக்கு இழைக்க வேண்டும். பலகை மேலே குறுகுவதால் அந்தக் கணக்கும் சற்றே பிசகும். எங்கள் ஆசாரி முதல் நாள் முழுவதும் அட்டையில் வெட்டி ஒட்டிப் பார்த்த பிறகுதான் உளியை எடுத்தார். நான்கு கால் சட்டத்துக்கு ரீப்பர் கட்டைகளும் குறுக்குச் சட்டங்களும் போதும், வேலை ஒரு நாளில் முடிந்துவிடும்.

மரத்தைப் பொறுத்தவரை, கிருஷ்ணகிரிப் பக்கம் மாமரப் பலகை மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏமாற வேண்டாம். மழையில் நனைந்து காயும் இடத்தில் அது சீக்கிரமே பூச்சி அரித்து உளுத்துவிடும். பழைய கதவு, நிலைகளிலிருந்து கிடைக்கும் வைரம் பாய்ந்த தேக்கு கால்களுக்கு மிக ஏற்றது, ஆனால் இறக்கைக்குப் பாரம். “தேக்குல றெக்கை போட்டா காத்து இல்ல சார், நாமதான் சுத்திவிடணும்” என்றார் ஆசாரி. ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு வரும் இயந்திரப் பெட்டிகளின் பைன் பலகை இலேசானது, இழைக்கவும் எளிது, அதில் ‘எச்.டி’ முத்திரை இருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது, ‘எம்.பி’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகையிட்டது, அதைத் தவிர்த்துவிடலாம். ஒட்டுப்பலகை வாங்குவதானால் ஐ.எஸ். 710 தரம் (ஈரம் தாங்கும் ‘மரைன்’ வகைக்கான இந்தியத் தர எண்) போட்டதையே கேட்க வேண்டும். அதிலும் வெட்டிய ஓரங்கள் தண்ணீரை உறிஞ்சும் என்பதால் அங்கு மட்டும் பிரைமரை இரண்டு முறை பூச வேண்டும்.

அச்சுக்கு 15 மில்லிமீட்டர் கம்பியும் 6202 எண் பேரிங் இரண்டும் இரு வடிவங்களுக்கும் பொருந்தும். தூசியும் மழையும் புகாமலிருக்க இருபுறமும் ரப்பர் மூடியுள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும். இறக்கைகளைப் பொருத்தியதும் கையால் மெல்லத் தள்ளிவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே இறக்கை கீழே வந்து நிற்கும். அதன் நேர் எதிரில் உள்ள இறக்கையில் ஒரு வாஷரைச் சேர்த்து, எங்கே வேண்டுமானாலும் நிற்கும்வரை இதைத் தொடர வேண்டும்.

செம்மண்ணில் கரையான் இருக்கும் என்பதால் எதையும் நேரே தரையில் நடக் கூடாது. கருங்கல் அறுக்கும் பட்டறைகளில் ஓரம் உடைந்து ஒதுக்கிய கற்பலகைகள் நம் மாவட்டங்களில் தாராளமாகக் கிடைக்கின்றன. டச்சுக் கோபுரம் அகன்ற அடியுள்ளதால் அதன் மேல் சும்மா உட்காரும். வால் வைத்ததன் கால்களை மட்டும் கல்லில் துளையிட்டு போல்ட் போட்டு இறுக்கியாக வேண்டும்.