மாநாட்டுக்குப் பணம் கட்டுமுன் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்

திருகோணமலையில் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். போன வருடம் ஒரு மின்னஞ்சல் வந்தது, கொழும்பில் வெளிநாட்டு மொழி கற்பித்தல் பற்றிய சர்வதேச மாநாடாம். எங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்தின் 'ஏ', 'ஆன்', 'த' (a, an, the) மூன்றிலும் ஏன் இவ்வளவு தடுமாறுகிறார்கள் என்று (தமிழில் 'த' மாதிரி ஒரு சொல்லே இல்லையே) இரண்டு தவணையாகக் கட்டுரைக் கொப்பிகளைப் பார்த்துக் குறித்து வைத்திருந்தேன். அதைச் சுருக்கி அனுப்பினேன். இரண்டாம் நாளே ஏற்றுக்கொண்டதாகப் பதில், ஒரு திருத்தம்கூட இல்லை. அங்கேயே உறைத்திருக்க வேண்டும், சந்தோஷத்தில் உறைக்கவில்லை. கட்டணம் 150 டொலர், ஏறக்குறைய 45,000 ரூபா. சீட்டுக் காசை எடுத்துத்தான் கட்டினேன்.

இரவு பஸ்ஸில் போய்க் காலையில் ஹோட்டலுக்குள் நுழைந்தால் ஒரே மண்டபம், வாசலில் மூன்று மாநாட்டின் பெயர்: பல் மருத்துவம், கட்டட நிர்மாணம், பிறகு எங்களுடையது. எனக்கு முன் பேசியவர் பற்சொத்தை பற்றிப் பேசினார். எனக்கு 8 நிமிடம். மொழி படிப்பிக்கிற யாராவது ஒரு கேள்வி கேட்பார்கள், "இதை இப்படிச் செய்து பாருங்கள்" என்று சொல்வார்கள், அதற்காகத்தான் அவ்வளவு தூரம் போனேன். முடித்த கையோடு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சிறப்புரை என்று படம் போட்டிருந்த பேராசிரியர் வரவே இல்லை. ஊருக்கு வந்து அவருடைய பல்கலைக்கழகத் தளத்தில் முகவரி தேடி எழுதினேன். அப்படி ஒரு மாநாடே தனக்குத் தெரியாது, படத்தைக் கேட்காமல் போட்டிருக்கிறார்கள் என்றார். அப்புறம் கட்டுரையை வெளியிட இன்னும் 200 டொலர் கேட்டு ஒரு கடிதம். கட்டிய காசைத் திருப்பிக் கேட்டேன், இன்றுவரை பதில் இல்லை.

இது எங்கள் ஊருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. ஹைதராபாத்தைத் தளமாகக் கொண்டு ஆய்விதழ்களும் மாநாடுகளும் நடத்திய ஓமிக்ஸ் நிறுவனத்துக்கு 2019இல் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டொலருக்கு மேல் செலுத்த உத்தரவிட்டது. பெயர் பெற்ற அறிஞர்கள் வருவதாகப் பொய் சொல்லி மாநாட்டுக்கு ஆள் சேர்த்ததும் அந்த வழக்கில் ஒரு குற்றச்சாட்டு.

ஆகவே பேச்சாளர் என்று போட்டிருப்பவருக்கே நேரடியாக எழுதிக் கேளுங்கள். அழைப்பில் இருக்கும் முகவரிக்கு இல்லை, அவருடைய பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கும் முகவரிக்கு. ஆய்வுச் சுருக்கத்தை யார் வாசித்தார்கள், என்ன குறை சொன்னார்கள் என்றும் கேளுங்கள். நிகழ்ச்சி நிரல் முழுவதும் கையில் கிடைக்கும்வரை பொறுங்கள்.

மூதூரில் படிப்பிக்கும் என் தோழிக்குப் போன கிழமை அதே மாதிரி ஒரு அழைப்பு. இரண்டு பேருமாக இருந்து பேச்சாளருக்கு எழுதியிருக்கிறோம். பதில் வரும்வரை காசு கட்டுவதில்லை.