எந்தக் காட்டு மரம் என்று கேட்டால் பதில் சொல்லும் மரவாடி

சென்னையில் வீடு கட்டுவோருக்கு மரம் வாங்கும் வேலை பெரும்பாலும் ஆசாரி கைகாட்டும் கடையிலேயே முடிந்துவிடுகிறது. எங்கள் வீட்டின் தலைவாசல் நிலை, கதவு, உள்ளறைச் சட்டங்கள் ஆகியவற்றை மாதவரத்தை அடுத்துள்ள ஒரு மரவாடியில் வாங்கினோம். விலை, தரம், அளவு ஆகிய மூன்றையும் எல்லாரும் பார்ப்பார்கள். அவற்றோடு, மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது, அதை வெட்ட யார் அனுமதி கொடுத்தார்கள் என்ற கேள்விக்கு அந்தக் கடை எப்படிப் பதில் சொன்னது என்பதையும் சேர்த்தே இங்கு மதிப்பிடுகிறேன். இந்தக் கேள்விகளை எந்த மரவாடியிலும் கேட்கலாம் என்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

இந்தக் கேள்வி சென்னைக்காரர்களுக்கு ஏன் முக்கியம் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, காட்டின் முதற்பணி சூழல் சமநிலையைக் காப்பது என்றும், அதிலிருந்து கிடைக்கும் நேரடி வருவாய் அந்த நோக்கத்துக்குக் கீழ்ப்பட்டதே என்றும் வகுத்தது. அதே கொள்கை, மரத்தையும் மரப் பொருள்களையும் இறக்குமதி செய்வதைத் தளர்த்த வேண்டும் என்றும் சொன்னது. பிறகு, கேரளத்தின் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாட், நீலகிரி மாவட்டத்தின் கூடலூர்ப் பகுதிக் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து 1995-இல் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணை, நிலம் எவருடைய உடைமையாக இருந்தாலும் அது காடாக இருக்குமானால், எங்கே எவ்வளவு வெட்டலாம் என்று வகுத்து மைய அரசு ஒப்புதல் அளித்த வனப் பணித்திட்டத்துக்கு உட்படாமல் அங்கே மரம் வெட்டக் கூடாது என்று நாடு முழுவதற்கும் தடை விதித்தது. நம் காடுகளுக்கு இவை இரண்டும் நன்மையே செய்தன என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் நாம் நிலையும் கதவும் வைப்பதை நிறுத்திவிடவில்லை. கூடலூரில் விழாத மரம் வேறொரு நாட்டில் விழுந்து, கப்பலேறித் துறைமுகம் வழியாக மாதவரத்துக்கும் செங்குன்றத்துக்கும் வந்து சேருகிறது. அந்த நாட்டின் வனக் கொள்கை சரியாக இருக்கிறதா என்று கேட்பவர், இங்கே பணம் கொடுத்து வாங்கும் நம்மைத் தவிர வேறு யாரும் இல்லை.

மரவாடிக்குள் நுழைந்ததும் இடப்புறம் உருட்டுக்கட்டைகளும், வலப்புறம் கொட்டகைக்குள் அறுத்த பலகைகளும் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு கட்டையின் தலைப்பிலும் எண் பொறித்த சிறு தகடு ஒன்று ஆணியால் அடிக்கப்பட்டிருந்தது. சில கட்டைகளில் அந்த எண் சிவப்புச் சாயத்தில் மீண்டும் எழுதப்பட்டிருந்தது. “இது பர்மா தேக்குங்களா?” என்று கேட்டேன். உரிமையாளர், “இல்ல சார், கானா. பர்மான்னு சொல்லி வித்துடலாம், பாதிப் பேருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனா பேப்பர்ல கானான்னுதான் இருக்கு” என்று சொல்லிக்கொண்டே, மேசைக்குப் பின்னாலிருந்து ஆவணக் கோப்பு ஒன்றை எடுத்து வந்தார். அதில் சுங்கத்துறையின் இறக்குமதிப் பதிவு, கானா அரசின் தாவர நலச் சான்றிதழ், பூச்சிகளைக் கொல்ல மீத்தைல் புரோமைடு புகையூட்டியதற்கான சான்று, கட்டைகளின் எண்களும் சுற்றளவும் நீளமும் வரிசையாகக் குறித்த பட்டியல் ஆகியவை இருந்தன. தகட்டில் கண்ட எண்ணைப் பட்டியலில் தேடிப் பார்த்தேன், இருந்தது. ஒரு கடையில் இதைவிட நேர்மையான விற்பனைப் பேச்சை நான் கேட்டதில்லை.

அந்தப் பதிலின் மதிப்பு புரிய, பர்மா தேக்கின் இன்றைய நிலை தெரிந்திருக்க வேண்டும். மியன்மார் அரசு 2014 ஏப்ரல் முதல் உருட்டுக்கட்டை ஏற்றுமதியைத் தடைசெய்துவிட்டது. அறுத்த மரம் மட்டுமே சட்டப்படி வெளியேற முடியும். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு, அந்நாட்டு அரசின் மர நிறுவனத்தின் மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அதே ஆண்டில் பொருளாதாரத் தடை விதித்தன, இந்தியா விதிக்கவில்லை. எனவே, “புதிதாக வந்த பர்மா உருட்டுக்கட்டை” என்று எவராவது காட்டினால், அது பழைய இருப்பாக இருக்க வேண்டும், அல்லது பர்மா மரமாகவே இருக்காது, அல்லது கள்ளத்தனமாக வந்திருக்க வேண்டும். தேக்கு இந்தியா, மியன்மார், தாய்லாந்து, லாவோஸ் ஆகிய நாடுகளின் காடுகளில் இயற்கையாக வளர்வது. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் கிடைப்பது நட்டு வளர்த்த தோட்டத் தேக்கு. இயற்கைக் காட்டின் முதுமரத்தை வெட்டி வருவதைவிட அது மேலானது என்றே கருதுகிறேன். ஆனால் அந்தத் தோட்டம் எதை அழித்து நடப்பட்டது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

தரத்தைப் பொறுத்தவரை, தோட்டத் தேக்கில் வைரம் (உறுதியான உட்பகுதி) குறைவு, வெள்ளை (மென்மையான வெளிப்பகுதி) அதிகம். விரைவாக வளர்த்து இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் வெட்டிவிடுவதால் அப்படித்தான் இருக்கும். வெள்ளைப் பகுதியைக் கரையான் விடாது. ஆகவே தலைவாசல் நிலைக்கு வெள்ளை அறவே இல்லாத துண்டுகளாக எடுக்க வேண்டும் என்று எங்கள் ஆசாரி வற்புறுத்தினார். கடைக்காரர் முகம் சுளிக்காமல் அடுக்கைக் கலைத்து எடுக்கவிட்டார். ஏழடி உயரம், மூன்றரை அடி அகலம், ஐந்துக்கு மூன்று அங்குலக் கனம் கொண்ட நிலைக்கு, நான்கு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 2.2 கன அடி வரும். இழைப்புச் சேதாரத்தையும் அறுப்புக் கூலியையும் தனித்தனியே பில்லில் காட்டினார்கள். கணக்கில் ஒளிவுமறைவு இல்லை. கன அடி விலை, பர்மா என்று வேறு கடையில் சொல்லப்பட்ட விலையில் பாதிக்கும் கீழே இருந்தது.

இந்த மரவாடியில் என்னை மிகவும் கவர்ந்தது பின்பக்கம் இருந்த பழைய மரக் கொட்டகை. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் இடிக்கப்பட்ட வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் என்னும் பழைய பாணிக் கூரைகளிலிருந்து எடுத்த தேக்குக் கட்டைகள் அங்கே குவிந்திருந்தன. ஆச்சிக்கல் என்ற சிறு செங்கலைத் தாங்குவதற்காக நெருக்கமாக வைக்கப்பட்ட அந்தக் கட்டைகள், பர்மாவும் சென்னை மாகாணமும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்த காலத்தில் கப்பலில் வந்தவை. சுண்ணாம்புக் கறை படிந்த மேற்பரப்பை ஒரு விரற்கடை அளவுக்கு இழைத்துக் காட்டினார்கள்: உள்ளே பொன்னிறம் மாறாத, இழை நெருங்கிய, வைரம் பாய்ந்த மரம், எண்ணெய்ப் பசையின் மணம்கூடப் போகவில்லை. உள்ளறைச் சட்டங்கள் அனைத்தையும் இதிலேயே எடுத்தோம். ஆணித் துளைகள் உண்டு. உள்ளே தங்கிய ஆணி ரம்பத்தைக் கெடுக்கும் என்பதால் அறுப்புக் கூலி கூடுதல். நீளத் துண்டுகள் கிடைப்பது அரிது. இருந்தும், இதற்காக எந்த நாட்டிலும் ஒரு மரமும் புதிதாக விழவில்லை என்பதால், சென்னையில் மரம் வாங்கும் எவருக்கும் நான் முதலில் காட்டுவது இந்தக் கொட்டகையைத்தான்.

குறைகளும் உண்டு. தொலைபேசியில் கேட்டபோது, கதவுப் பலகைகள், பொறுப்புடன் பராமரிக்கும் காட்டின் மரத்துக்குத் தரப்படும் எஃப்.எஸ்.சி. சான்று பெற்றவை என்றார்கள். 1993-இல் தொடங்கிய அந்தப் பன்னாட்டுச் சான்றமைப்பின் விதிப்படி, காட்டிலிருந்து கடைவரை மரத்தை உடைமையாக்கிக்கொள்ளும் ஒவ்வொருவரிடமும் தனிச் சான்று இருக்க வேண்டும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் அதற்குப் பின் அந்தப் பெயரைச் சொல்லி விற்க முடியாது. இறக்குமதியாளரின் பில்லில் சான்று எண் இருந்தது, பொதுப் பதிவேட்டில் சரிபார்த்ததில் அது நடப்பில்தான் இருந்தது. ஆனால் இந்த மரவாடிக்குச் சான்று இல்லை, எங்களுக்குத் தந்த பில்லில் வெறும் “தேக்குப் பலகை” என்றுதான் எழுதியிருந்தார்கள். நாடும் கட்டை எண்ணும் கேட்டு எழுதி வாங்க வேண்டியிருந்தது. கேட்காமலே எழுதித் தருவதுதான் முறை.

நாட்டுத் தேக்கு அவர்களிடம் அறவே இல்லை என்பது எனக்குப் பெரிய ஏமாற்றம். தஞ்சைப் பகுதியின் வாய்க்கால் கரைகளிலும் உழவர்களின் வரப்புகளிலும் நல்ல தேக்கு வளர்கிறது. ஏற்றிச் செல்ல வனத்துறையின் அனுமதிச் சீட்டு இருக்கிறது என்பதால் மரத்தின் பூர்வீகத்தை அறிவதும் எளிது. தொழிற்கூடங்கள் தமக்கு வேண்டிய மரத்தை உழவர்களிடம் பெற வேண்டும் என்பது 1988 கொள்கையின் நோக்கங்களுள் ஒன்று. மைய அரசு 2023 டிசம்பரில் தொடங்கிய இந்திய வன, மரச் சான்றளிப்புத் திட்டத்தில் காட்டுக்கு வெளியே வளரும் மரங்களுக்கும் இடமுண்டு. சீராக வரத்து இல்லை, ஒரே அளவில் கிடைப்பதில்லை என்று கடைக்காரர் சொன்ன காரணம் நியாயமானதே. ஆனால் கேட்பவர்கள் பெருகாமல் வரத்தும் சீராகாது.

மரம் சொன்ன நாளில் வந்தது. ஏற்று கூலி எங்களுடையது, இறக்கு கூலி அவர்களுடையது. பழைய மரம் வேண்டுவோர் ஆசாரியுடன் காலையிலேயே போவது நல்லது. அறுப்பு தொடங்கிவிட்டால் அடுக்கைக் கலைக்க ஆள் இருக்காது. ஆவணக் கோப்பைக் காட்டச் சொல்லி முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள், ஏனெனில் அது உரிமையாளர் கடையில் இருக்கும்போது மட்டுமே வெளியே வருகிறது.