பிளாஸ்மா டிரம்மோடு நாலு வருஷம்

அம்பத்தூரில் எங்கள் பட்டறைக்கு இந்த பிளாஸ்மா மெஷின் வந்து நான்கு வருடம் ஆகிறது. வாஷிங் மெஷின் அளவில் ஒரு வெற்றிடக் கலன், உள்ளே சுழலும் கண்ணாடி டிரம், ரேடியோ அலை வேகத்தில் துடிக்கும் மின்சாரம் தரும் 13.56 மெகாஹெர்ட்ஸ் ஜெனரேட்டர், பக்கத்தில் ஒரு பம்ப். தண்ணீரைக் கண்டால் விலகி ஓடும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் பொடியை தண்ணீர் பெயிண்டோடு சேர்ந்து போக வைப்பதுதான் இதன் வேலை.

முன்பு இதைக் குரோமிக் அமிலத்தில் செய்தோம். ஊற வை, கழுவு, மறுபடி கழுவு, காய வை. குரோமியம்-6 புற்றுநோய் தரக்கூடியது; கழுவிய தண்ணீரைச் சுத்திகரிப்பது தனிப் பிழைப்பு. அந்த மஞ்சள் தண்ணீர் ஒழிந்ததற்கே பாதி மார்க் போட்டுவிடுவேன்.

இந்த மெஷினில் காற்றழுத்தத்தை ஒரு மில்லிபாருக்கும் கீழே, அதாவது வெளியே இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு இறக்கி மின்சாரம் கொடுத்தால் இளஞ்சிவப்பும் ஊதாவுமாக ஒளி வரும்; இதுதான் பிளாஸ்மா. எலக்ட்ரான்கள்தான் கொதிக்கும், வாயு பெரிதாகச் சூடாகாது. துகளின் மேல்தோலில், சில நானோமீட்டர் ஆழத்துக்குள், தண்ணீரோடு ஒட்டக்கூடிய, ஆக்சிஜன் சேர்ந்த அணுத் தொகுதிகள் வந்து உட்காரும். உள்ளே அதே பழைய பாலிஎத்திலீன். சூடாகாது என்று நம்பி ஒரு தடவை பவரை ஏற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் டிரம்முக்குள் கொழுக்கட்டை. இந்தப் பொடி 110 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும்.

முதல் மாதம் பட்ட பாடு பெரும்பாலும் பம்பால்தான். வால்வை ஒரேயடியாகத் திறந்தால், பொடிக்குள் சிக்கிய காற்று குபீரென்று கிளம்பிப் பொடியையும் தூக்கிக்கொண்டு போகும். ஃபில்டர் அடைத்து, பம்ப் எண்ணெய் களிம்பு மாதிரி ஆனது. இப்போது சின்ன பைபாஸ் வால்வு போட்டு மெதுவாக இழுக்கிறோம். மழைக்காலத்தில் இன்னும் மெதுவாக; ஈரம் உறிஞ்சிய பொடி வெற்றிடம் ஏறவே விடாது. அப்புறம் முக்கியமான விஷயம்: சாதாரண மினரல் எண்ணெய் ஊற்றிய பம்பில் சுத்த ஆக்சிஜனை ஓட்டக்கூடாது, தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. விற்றவர்கள் இதை வாய் திறந்து சொல்லவில்லை. நாங்கள் வெறும் காற்றிலேயே ஓட்டுகிறோம், போதுமானதாக இருக்கிறது.

டிரம் வேகமும் கைப்பழக்கம்தான். அதிகம் சுற்றினால் பொடி சுவரோடு ஒட்டிச் சுற்றும். குறைத்தால் மேலே இருப்பது மட்டும் ஒளியைப் பார்க்கும். துகள் பொடியாகப் பொடியாக மொத்தப் பரப்பு கூடும், நேரமும் கூடும். இருபது நிமிடத்தில் முடிந்த வேலை மைய அரைத்த ரகத்துக்கு ஒரு மணி நேரம் எடுத்தது.

சோதனைக்கு ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர் போதும். புதிதாக வந்த பையன் முதல் நாள் ஒரு சிட்டிகை போட்டுவிட்டு, "அண்ணே, மூழ்கலையே, ஃபெயிலா?" என்றான். மூழ்காதுப்பா, அது தண்ணீரைவிட லேசு. கலக்கிப் பார்க்க வேண்டும். பதப்படுத்தாத பொடி மறுபடி உலர்ந்தே மேலே வந்து நிற்கும். பதமானது பால் மாதிரி கலந்து, நிதானமாகத்தான் ஏறும்.

பெரிய குறை, பதம் நிலைப்பதில்லை. மேற்பரப்பில் உள்ள பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகள் மெல்லத் திரும்பி, ஒட்டவைத்த தொகுதிகளை உள்ளே புதைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்த மூட்டை ஒரு மாதத்தில் பாதி குணத்தை இழந்திருந்தது. அதனால் ஆர்டர் வந்த பிறகுதான் டிரம்மில் போடுகிறோம்.

இதைப் பசுமைத் தொழில்நுட்பம் என்கிறார்கள்; அந்தப் பேச்சுக்கு வருகிறேன். அமிலம் இல்லை, கழிவுநீர் இல்லை, சரி. ஆனால் மின்சார பில்லில் பிளாஸ்மாவைவிட பம்ப்தான் அதிகம் தின்கிறது. வாயுவும் முக்கியம். தண்ணீர் ஒட்டாத பொடி வேண்டும் என்று ஒருவர் கேட்டு, கார்பன் டெட்ராஃபுளோரைடு ஓட்டச் சொன்னார். அந்த வாயு புவியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைப் போல 6,000 மடங்குக்கும் மேல், வளிமண்டலத்தில் ஆயுள் சுமார் 50,000 வருடம். இதை ஓட்டிவிட்டு மூட்டையில் பச்சை இலை ஸ்டிக்கர் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. பதிலுக்கு சிலிக்கான் சேர்ந்த ஒரு ஆவியை ஓட்டினோம். பொடி நன்றாகவே வந்தது. ஜன்னல் கண்ணாடியிலும் வெள்ளைப் படலம் படிந்து, மூன்று நாள் தேய்த்தோம்.

இன்று வாங்குவதென்றால் இதே மெஷினை வாங்குவேன், எண்ணெய் இல்லாத பம்ப்போடு. ஒரு தடவைக்கு இரண்டு கிலோதான் என்பதால் நூறு கிலோ ஆர்டரை இன்னும் வெளியே அனுப்புகிறேன்.