பேரே இல்லாத சிவிய பாத்துட்டு "இவர் ஏற்கனவே எங்க டேட்டாபேஸ்ல இருக்கார்"னு சொன்ன கிளையண்ட் – தனியா ரெக்ரூட்மெண்ட் நடத்துறவங்க உஷாரா இருங்க

சொந்தமா ரெக்ரூட்மெண்ட் கன்சல்டன்சி வச்சு ஒத்த ஆளாவோ ரெண்டு மூணு பேராவோ ஓட்டுறவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். பெரிய ஏஜென்சில இருக்குறவங்களுக்கு இது அவ்வளவா உறைக்காது, அங்க லீகல் டீம் இருக்கும், கலெக்‌ஷனுக்குன்னு தனியா ஆள் இருக்கும். நமக்கு அப்படியா, ஆள தேடுறதும் நாமதான், இன்டர்வியூ நேரம் ஒத்துப்போக வைக்கிறதும் நாமதான், கடைசில இன்வாய்ஸ் பின்னாடி நாயா அலையுறதும் நாமதான்.

கம்பெனி பேர கேக்காதீங்க. ஏன் சொல்ல மாட்டேன்னு கடைசில புரியும்.

சீனியர் ஃபைனான்ஸ் போஸ்ட் ஒண்ணு. கன்டிஞ்சன்சி முறைதான், அதாவது ஆள் சேந்தா மட்டும் ஃபீஸ், முதல் வருஷ சம்பளத்துல 20%. அக்ரிமெண்ட் கையெழுத்தாகித்தான் வேலையே ஆரம்பிச்சோம், ஃபார்மட் அவங்களோடது, எல்லா வெண்டருக்கும் இதே தாள்தான், மாத்த முடியாதுன்னுட்டாங்க. ஹையரிங் பாத்துக்கிட்ட மேடம் அவ்வளவு இனிமையா பேசுவாங்க, ஃபோன்ல எப்பவும் "உங்கள நம்பித்தான் இருக்கோம்"தான்.

நான் அனுப்புனது ப்ளைண்ட் சிவி. பேரு, நம்பர், ஈமெயில் எதுவும் கிடையாது. இப்ப இருக்குற கம்பெனி, டெசிக்னேஷன், எத்தன வருஷ அனுபவம், என்னென்ன பண்ணிருக்கார்னு மட்டும்தான். அந்த கேண்டிடேட் வேலை தேடுற ஆளே இல்ல, எந்த ஜாப் போர்ட்டல்லயும் அவர் கிடையாது, பேசிப் பேசி மனச மாத்தி கொண்டு வந்தேன். மதியம் மெயில் போகுது. சாயங்காலமே பதில் வருது, "இந்த ப்ரொஃபைல் ஏற்கனவே எங்க டேட்டாபேஸ்ல இருக்கு, உங்க மூலமா எடுத்துக்க முடியாது, வேற ஆள் இருந்தா அனுப்புங்க"ன்னு.

ஒரு நிமிஷம் யோசிங்க. பேரே இல்லாத சிவி. அது யாருன்னு தெரிஞ்சாதானே டேட்டாபேஸ்ல இருக்கா இல்லையான்னு தேடவே முடியும்? அந்த கம்பெனி பேரையும் டெசிக்னேஷனையும் லிங்க்ட்இன்ல போட்டா ஒரே ஒரு ஆள்தான் வருவார், அத வச்சு கண்டுபிடிச்சிருக்காங்க. கண்டுபிடிச்சதுக்கு அப்புறம்தான் "ஏற்கனவே தெரியும்". (பேரையும் நம்பரையும் எடுத்துட்டா ப்ளைண்ட் சிவி ஆயிடுச்சுன்னு நெறைய பேர் நெனச்சுட்டிருக்கோம். கம்பெனி பேர எடுத்துட்டு "இந்தத் துறைல முன்னணி நிறுவனம் ஒண்ணு"ன்னு போடணும், டெசிக்னேஷனையும் கொஞ்சம் பொதுவாக்கணும், சின்ன துறையா இருந்தா ப்ராஜெக்ட் பேரே ஆள காட்டிக் குடுத்துடும்.)

சில மாசம் கழிச்சு அதே ஆள் லிங்க்ட்இன்ல புது வேலைன்னு போட்டிருக்கார். அதே குரூப்போட இன்னொரு கம்பெனி, டெசிக்னேஷன்ல ஒரே ஒரு வார்த்தை மாறிருக்கு, அவ்வளவுதான். ஃபோன் போட்டேன், மனுஷன் ஒளிவு மறைவு இல்லாம சொல்லிட்டார். எச்ஆர் நேரா லிங்க்ட்இன்ல மெசேஜ் பண்ணி, "ஏஜென்சி வழியா வந்தா அவங்க ஃபீஸ உங்க ஆஃபர்லதான் கொறைக்கணும், நேரா அப்ளை பண்ணுங்க"ன்னு சொல்லிருக்காங்க, என் பக்கத்துல இருந்து விஷயம் க்ளோஸ் ஆயிடுச்சுன்னும் சேத்து சொல்லிருக்காங்க. ஃபீஸ் கம்பெனி தனியா குடுக்குறது, ஆளோட சம்பளத்துல கைவைக்குறது இல்லன்னு நமக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்? அவர் மேல எனக்கு கோவம் இல்ல. அதுக்கப்புறம் நான் பேசுற ஒவ்வொரு கேண்டிடேட்கிட்டயும் முதல் கால்லயே சொல்லிடுறேன், என் ஃபீஸ் உங்க சம்பளத்துல இருந்து போகாது, யாராவது அப்படி சொன்னா உடனே எனக்கு ஃபோன் பண்ணுங்கன்னு. கேண்டிடேட்கிட்ட காசு வாங்குற ஆளுங்களால நம்ம எல்லார் பேரும் கெடுதுங்கறது வேற கதை, ஐஎல்ஓவோட (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) 1997 ஒப்பந்தம் 181லயே தொழிலாளிகிட்ட ஃபீஸ் வாங்கக் கூடாதுன்னு பொதுவிதியா இருக்கு.

சரி, இன்வாய்ஸ் போட்டேன். முதல் பதில், டேட்டாபேஸ்ல இருந்தார். ஆதாரம் கேட்டா ஒரு ஸ்கிரீன்ஷாட் வருது, அவர் பேரு இருக்கு, ரெக்கார்ட் எப்ப உருவாச்சுங்கற இடம் மட்டும் வெட்டியிருக்கு. முழுசா அனுப்புங்கன்னு கேட்டேன், அத பத்தி பேச்சே இல்ல. அடுத்த பதில், அது வேற ரோல். அதுக்கடுத்து, ஆஃபர் குடுத்தது வேற கம்பெனி, உங்க அக்ரிமெண்ட் எங்களோடதான். கவனிச்சீங்களா, முதல் காரணம் உண்மையா இருந்தா மத்த ரெண்டுக்கும் தேவையே இல்லயே. அப்புறம் மேடம் ஃபோன் எடுக்கறதையே நிறுத்திட்டாங்க.

வக்கீல் எல்லாத்தையும் பாத்துட்டு சொன்னார், உங்ககிட்ட நல்ல விஷயம் ரெண்டு இருக்கு, மோசமான விஷயம் ஒண்ணு இருக்குன்னு. நல்லது, சிவி அனுப்புறதுக்கு முன்னாடியே கேண்டிடேட் "இந்த கம்பெனிக்கு இந்த போஸ்டுக்கு என் சார்பா நீங்க பேசலாம்"னு போட்ட மெயில். இன்னொண்ணு, பேரில்லாத அந்த சிவிக்கு அவங்க போட்ட பதில், அத விட நல்ல சாட்சி நமக்கு எங்க கிடைக்கும். மோசமானது, அக்ரிமெண்ட்ல கிளையண்ட்ன்னா அந்த ஒரு கம்பெனி மட்டும்தான், குரூப் கம்பெனிங்க பத்தி ஒரு வரி இல்ல. கோர்ட்டுக்குப் போனா எந்தப் பக்கமும் சாயலாம்னார். கடைசில நோட்டீஸ் போய், கிட்டத்தட்ட பாதிக்கு செட்டில் ஆச்சு.

இதுல நான் சொல்ல வர்றது என்னன்னா, நம்ம ஃபீஸ் போறது இன்வாய்ஸ் போடுறப்ப இல்ல. சிவி அவங்க இன்பாக்ஸ்ல விழுந்ததுக்கும் அவங்க பதில் போடுறதுக்கும் நடுவுல போயிடுது. அதனால அதுக்கு முன்னாடி எது எழுத்துல இருக்கோ அதுதான் நம்மள காப்பாத்தும்.

என்னென்ன வேணும்? இன்ட்ரொடக்‌ஷன்னா என்னன்னு அக்ரிமெண்ட்லயே எழுதிடணும், பேரு குடுத்தாதான்னு இல்ல, ஆள அடையாளம் கண்டுபிடிக்க முடியுற எந்தத் தகவல் குடுத்தாலும் அது நம்ம இன்ட்ரொடக்‌ஷன். அதுக்கப்புறம் 12 மாசத்துக்குள்ள அந்த ஆள எந்த போஸ்ட்ல எடுத்தாலும், குரூப்ல எந்தக் கம்பெனி எடுத்தாலும், பெர்மனெண்டா எடுத்தாலும் கான்ட்ராக்ட்ல எடுத்தாலும் ஃபீஸ் உண்டு. அப்புறம் ரொம்ப முக்கியமானது, ஏற்கனவே தெரிஞ்ச ஆள்னா 2 வேலை நாளுக்குள்ள சொல்லணும், கடந்த 6 மாசத்துல அவரோட உண்மையாவே பேச்சு நடந்ததுக்கு தேதியோட ஆதாரம் காட்டணும், இல்லாட்டி நம்ம ஆள்தான். எப்பயோ வந்த ரெஸ்யூம் ஏடிஎஸ்ல (விண்ணப்பங்கள சேத்து வைக்கிற சாஃப்ட்வேர்) தூங்கிட்டு இருக்குறதெல்லாம் "தெரிஞ்ச ஆள்" ஆகாது. இன்னும் கையெழுத்து ஆகலன்னா, சிவி போற மெயில்லயே டெர்ம்ஸ இணைச்சு, இந்த கேண்டிடேட்ட இன்டர்வியூ பண்ணாலே இந்த டெர்ம்ஸுக்கு ஒத்துக்கிட்டதா அர்த்தம்னு ஒரு வரி போடுங்க. வெண்டர் ஃபார்மட்ட மாத்த முடியாதுன்னா சைடு லெட்டர் (அக்ரிமெண்டோட சேத்து தனியா கையெழுத்தாகுற கடிதம்) ஒண்ணுல இத எல்லாம் வாங்குங்க, அதுவும் முடியாதுன்னா எனக்கு அந்த கிளையண்ட் வேண்டாம், இது என் கருத்து, உங்க வயித்துப்பாடு உங்களுக்குத்தான் தெரியும்.

ரீப்ளேஸ்மெண்ட் கேரண்டில, அதாவது சேந்த ஆள் குறிப்பிட்ட நாளுக்குள்ள போயிட்டா மாத்து ஆள் தர்றோம்ங்கற உறுதில, இன்னொரு ஓட்டை இருக்கு. 90 நாள் கேரண்டி குடுத்தா சில கிளையண்ட் 90 நாள் ஆகட்டும், ஆள் நிக்கிறாரான்னு பாத்துட்டு பணம் தர்றோம்பாங்க, அப்ப அது கேரண்டி இல்ல, ஓசில ட்ரையல். இன்வாய்ஸ் நேரத்துக்குக் கட்டுனாதான் கேரண்டியே செல்லும்னு எழுதுங்க. காசத் திருப்பிக் குடுக்குறதுக்குப் பதிலா மாத்து ஆள் மட்டும்னு வைங்க, கம்பெனியே ஆளக் கொறச்சாலோ சொன்ன வேலைய மாத்துனாலோ கேரண்டி கிடையாதுன்னும் சேருங்க.

சீனியர் போஸ்ட்டுன்னா ரிடெய்னர், அதாவது ஆள் சேர்ற வரைக்கும் காத்திருக்காம ஃபீஸ தவணையா முன்னாடியே வாங்குறது, கேக்க கூச்சப்படாதீங்க. வழக்கமா மூணு பங்கா பிரிப்பாங்க, ஆரம்பிக்கறப்ப ஒண்ணு, ஷார்ட்லிஸ்ட் குடுக்கறப்ப ஒண்ணு, ஆள் முடிவானதும் ஒண்ணு. முழுசா முடியலன்னா சின்ன அட்வான்ஸாவது. முன்னாடியே காசு போட்டவன் நம்ம ஃபோன எடுப்பான். அப்புறம் ஒரு இன்வாய்ஸ் தேதி தாண்டி நின்னா அதே கிளையண்டுக்கு அடுத்த சிவி போகக் கூடாது, அவங்களுக்கு அவசரமா ஆள் வேணும்ங்கறது மட்டும்தான் நம்ம கைல இருக்குற பிடி.

லேட் பேமெண்டுக்கு சட்டமே இருக்குற இடங்கள் உண்டு, நெறைய பேர் பயன்படுத்துறதே இல்ல. இந்தியால 2006 எம்எஸ்எம்இடி (குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டு) சட்டப்படி பதிவான குறு, சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாள்ல பணம் வரணும், தாண்டினா வட்டி ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்துல மூணு மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. பிரிட்டன்ல 1998 சட்டப்படி பேங்க் ஆஃப் இங்கிலாந்து விகிதத்துக்கு மேல 8% கேக்கலாம். உங்க ஊர் சட்டம் என்னன்னு பாத்து இன்வாய்ஸ் அடியிலயே அந்த வரிய போட்டு வைங்க.

ஏற்கனவே மாட்டிக்கிட்டவங்களுக்கு: முதல்ல அந்த ஆளோட லிங்க்ட்இன் பக்கத்த தேதியோட ஸ்கிரீன்ஷாட் எடுங்க, அப்புறம் மறைச்சாலும் மறைச்சிடுவாங்க. கேண்டிடேட்ட மிரட்டாதீங்க, நாளைக்கு நமக்காக எழுதிக் குடுக்கப் போறதே அவர்தான். இன்வாய்ஸ எச்ஆர்க்கு மட்டும் அனுப்பாதீங்க, ஃபைனான்ஸ் ஹெட்டுக்கும் லீகலுக்கும் மெயில் வரிசை மொத்தத்தோட அனுப்புங்க, ஏமாத்துனது ஒரு ஆளோட புத்திசாலித்தனமா இருந்தா மத்தவங்களுக்கு அது தெரிஞ்சே இருக்காது. என் கேஸ்ல பேச்சுவார்த்தைக்கு வந்ததே லீகல்ல இருந்த ஒருத்தர்தான்.

செட்டில்மெண்ட் பேப்பர ஒவ்வொரு வரியா படிங்க. எனக்கு வந்ததுல ரெண்டு நிபந்தனை இருந்துச்சு, ஒண்ணு கம்பெனி பேர வெளிய சொல்லக் கூடாது, அதுக்கு ஒத்துக்கிட்டேன். இன்னொண்ணு கீழ பொடி எழுத்துல, அவங்க குரூப்ல வேலை பாக்குற யாரையும் ரெண்டு வருஷத்துக்கு நான் வேற கம்பெனிக்கு அணுகக் கூடாதாம். ஃபீஸ் கேக்குறப்ப வேற வேற கம்பெனி, இதுல மட்டும் ஒரே குரூப் ஆயிட்டாங்க. அந்த வரிய அடிச்சுட்டுத்தான் கையெழுத்து போட்டேன்.