வேன் ஹயருக்கு அட்வான்ஸ் போடுவதற்கு முன் இதை வாசியுங்கள்

ஹட்டன் பக்கம் பேஸ்புக்கில் வேன் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். போன மாதம் 25,000 ரூபாய் ஏமாந்தேன். அது தவிர, அப்பாவுக்கு முன்னால் ஒருத்தனோடு ரோட்டில் நின்று சண்டையும் பிடித்தேன்.

அப்பாவுக்கு 77 வயது. தோட்டத்து ஸ்டோரில் தேயிலைக் கொழுந்து நிறுத்தவர். இரண்டு வருஷமாக ஒரே பேச்சு: தலைமன்னார் இறங்குதுறையைப் பார்க்க வேண்டும். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் தோட்டத்து ஆட்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுப்பதாகச் சொன்னார்களே, அந்தக் கணக்கில் எங்கள் அத்தையும் ஒரு ஆள். 1972-இல் போனார். அப்பா ஹட்டன் ஸ்டேசனோடு நின்றுவிட்டார். ஆட்களைத் தலைமன்னார் கப்பலுக்கு ஏற்றிப்போன அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று ஊரில் பெயரே வைத்திருந்தார்கள். 1984-இல் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரம் போன கப்பலும் நின்றது. அத்தை திரும்பி வரவேயில்லை.

போனில் பேசிய முதலாளி தேன் மாதிரி பேசினார். "எல்லாம் சேர்த்து 85,000 மிஸ், மூணு நாள், கேடிஎச், ஏசி." எழுத்தில் ஒன்றும் கேட்காமல் அட்வான்ஸ் போட்டேன். என் பிழைதான். விடியக்காலை நாலரைக்கு வாசலில் வந்து நின்றது பழைய டொல்பின், கேடிஎச்சுக்கு முந்தின டொயோட்டா வேன். "கேடிஎச் கராஜில்" என்றார்கள். அந்த நேரத்தில் வேறு வேன் எங்கே பிடிப்பது? அப்பா ஏற்கெனவே முன் சீட்டில் ஏறிவிட்டார். ஸ்வெட்டர், மப்ளர், தொப்பி.

தம்புள்ளை தாண்டியதும் ஏசியில் அனல் வந்தது. அப்பா மதவாச்சி வரை ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. "பனி இறங்கும்" என்றார். மன்னார் ரோட்டில் எந்தப் பனி? கழுதைகளைப் பார்த்துவிட்டு, தோட்டத்தில் வேலை வாங்கிய கணக்கப்பிள்ளை ஒருத்தர் ஞாபகம் வருவதாகச் சொன்னார். டிரைவர் தம்பி சிரித்த சிரிப்பில் வேன் ஓரம் கட்டியது. இரண்டு பேரும் அவ்வளவு ஒட்டு. இறங்குதுறையில் மட்டும் அப்பா பேசவில்லை. துருப்பிடித்த இரும்பைத் தொட்டுப் பார்த்தார். "இவ்வளவு கிட்டவா" என்றார், அவ்வளவுதான்.

திரும்பி வந்து இறங்கும்போது முதலாளி வாசலில் நிற்கிறார், கையில் பில். 85,000 என்பது 600 கிலோமீட்டருக்காம். ஓடியது 968. மேலதிகம் 368, ஒன்றுக்கு 120 வீதம் 44,160. டிரைவருக்கு இரண்டு இரவு 6,000. ஏசிக்கு 5,000! மொத்தம் 140,160.

அப்பா மெதுவாகச் சட்டைப் பையிலிருந்து கொப்பியை எடுத்தார். தராசுக்குப் பக்கத்தில் நாற்பது வருஷம் நின்றவர், நம்பரைப் பார்த்தால் எழுதாமல் விடமாட்டார். கிளம்பும்போது மீட்டர் 284,316. வீட்டு வாசலில் 285,047. "கழிச்சுப் பாருங்க. எழுநூத்து முப்பத்தொண்ணு."

உடனே பேச்சு மாறியது. "கராஜ் டு கராஜ் ஐயா. வேன் பாணந்துறையிலிருந்து வந்தது." வேன் கராஜிலிருந்து கிளம்பித் திரும்பிப் போய்ச் சேரும்வரை கணக்காம். இன்னும் ஓடாத திரும்பும் தூரத்தையும் பில்லில் சேர்த்திருந்தார்.

அப்பா டிரைவரைப் பார்த்தார். "தம்பி, வேன் ராத்திரியில இங்க பக்கத்துல கொட்டகலையில உங்க வீட்டுக்கிட்டதானே நிக்கும்னு சொன்னீங்க?" அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். பதில் சொன்னால் வேலை போகும்.

ஒரு மணித்தியாலம் இழுபட்டு 110,000-க்கு முடிந்தது. பேசினதுக்கு மேல் 25,000. அப்பாவுக்குப் பிரஷர் கூடுகிறதே என்றுதான் கொடுத்தேன்.

ஹயர் பேசும்போது எத்தனை கிலோமீட்டர், கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது, டிரைவரின் சாப்பாடும் தங்குமிடமும் யார் தலையில், என்ன வேன், இதையெல்லாம் மெசேஜில் எழுதி வாங்குங்கள். வேறு வேன் வந்தால் ஏறாதீர்கள், விடியக்காலையாக இருந்தாலும். ஏறும்போதும் இறங்கும்போதும் டிரைவரை வைத்துக்கொண்டே மீட்டரைப் படம் எடுங்கள். எங்களிடம் கொப்பி இல்லையென்றால் முழுக்காசும் போயிருக்கும்.

எனக்குத் தெரியாமல் அப்பா டிரைவர் கையில் ஆயிரம் ரூபாய் வைத்திருக்கிறார். கேட்டதற்கு, "அவன் என்ன செய்வான்" என்றார். கொப்பியில் அதையும் எழுதியிருக்கிறார், செலவுப் பக்கத்தில்.

அந்தப் பேஸ்புக் பக்கம் இப்போது வேறு பெயரில் ஓடுகிறது. படம் மட்டும் மாற்றவில்லை: கடற்கரையில் நிற்கும் அதே வெள்ளைக் கேடிஎச். ஹட்டனில் எங்கே கடல்?