லினக்ஸ் கைபேசிக்கு வீட்டுக் கணினியின் பெயர் தெரியவில்லையா? மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

ஊட்டியை அடுத்த தலைகுந்தா பக்கம் உறைபனி இறங்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களில், இளம் தேயிலைச் செடிகளை மாலையிலேயே தாகைச் செடியின் இலைகளால் மூடுவதா, விடிந்ததும் வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்தால் போதுமா என்பதை முடிவு செய்யப் பள்ளத்து நிலத்தின் வெப்பநிலை தெரிந்தாக வேண்டும். எங்கள் தோட்டத்தில் அதை அளந்து காட்டுவது 'பனிமானி' என்று பெயரிட்ட ஒரு ராஸ்பெரி பை சிறு கணினி. அதை நாங்கள் பார்ப்பது போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் பைன்ஃபோன் கைபேசியில். எண் முகவரியைத் தட்டினால் பக்கம் திறக்கும், பெயரைத் தட்டினால் திறக்காது, இணைப்பைச் சோதிக்கும் பிங் கட்டளையோ 'பேட் அட்ரஸ்' என்று கைவிரித்துவிடும் என்பது லினக்ஸ் கைபேசிகளில் அடிக்கடி வரும் சிக்கல். கைபேசியில் பெயர்-எண் பட்டியலாக இருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதிவைப்பது, எம்டிஎன்எஸ் மூலம் வலையமைப்பு முழுவதையும் கேட்பது, ரவுட்டரில் பெயரைப் பதிவு செய்வது என்று இதற்கு மூன்று வழிகள் உள்ளன. மேசைக் கணினியில் மூன்றும் ஏறத்தாழ ஒரே பலனைத் தரும். வைஃபைக்கும் சிம் இணைப்புக்கும் மாறி மாறித் தாவுகிற கைபேசியில் அப்படியில்லை.

ஹோஸ்ட்ஸ் கோப்பு மிக எளியது. எண்ணையும் பெயரையும் ஒரே வரியில் எழுதிச் சேமித்தால் எந்த லினக்ஸிலும் உடனே வேலை செய்யும். ஆனால் பனிமானியின் எண் மாறினால் அந்த வரி பயனற்றுப் போகும். வேறொரு வீட்டு வைஃபையில் அதே எண்ணை வேறு கருவி வைத்திருந்தால் கைபேசி தயங்காமல் அந்தத் தவறான கருவியிடம் போய் நிற்கும். கைபேசியின் சொந்தப் பெயருக்கு மட்டும் இக்கோப்பே சரியான இடம். மோபியன் என்ற இன்னொரு கைபேசி லினக்ஸில் கைபேசியின் பெயரை மாற்றிய பின், பெயரை அறிய முடியவில்லை என்று, நிர்வாகி உரிமையில் கட்டளை இயக்கும் 'சூடோ' முறையிட்டால், 127.0.1.1 என்று தொடங்கும் வரியில் புதிய பெயரை எழுதினால் போதும்.

எம்டிஎன்எஸ் முறைக்கு மையச் சேவையகம் எதுவும் தேவையில்லை. 'பனிமானி.லோக்கல்' எங்கே என்று கைபேசி 224.0.0.251 என்ற குழு முகவரிக்கு யுடிபி 5353 ஆம் போர்ட்டில் கேட்க, அந்தப் பெயருக்குரிய கருவியே பதில் சொல்லும். 2013 இல் ஆர்எஃப்சி 6762 ஆக வெளியான இம்முறையை லினக்ஸில் பெரும்பாலும் அவாஹி என்ற மென்பொருள் நடத்துகிறது. ராஸ்பெரி பை ஓஎஸ்ஸில் அது ஏற்கெனவே இருப்பதால் பதில் சொல்லும் பக்கத்தில் வேலையே இல்லை. சிக்கல் கேட்கும் பக்கத்தில்தான். டெபியன் வழிவந்த மோபியனில், செயலிகளுக்காகப் பெயர் தேடித் தருவது ஜிலிப்சி நூலகம் என்பதால், என்எஸ்எஸ்-எம்டிஎன்எஸ் தொகுப்பை நிறுவி, பெயரை எந்த வரிசையில் எங்கே தேடுவது என்று சொல்லும் என்எஸ்ஸ்விட்ச் கோப்பின் ஹோஸ்ட்ஸ் வரியில் எம்டிஎன்எஸ் என்பது டிஎன்எஸ்ஸுக்கு (சேவையகத்திடம் பெயரின் எண்ணைக் கேட்கும் வழக்கமான முறைக்கு) முன்னால் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டால் எல்லாச் செயலிகளும் பெயரை அறிந்துகொள்ளும். ஆல்பைன் வழிவந்த போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸில் இருப்பது மசல் நூலகம். பெயர் தேடும்போது அது ஹோஸ்ட்ஸ் கோப்பையும், ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் உள்ள சேவையகங்களையும் மட்டுமே பார்க்கும், என்எஸ்ஸ்விட்ச் கோப்பைத் தொடுவதே இல்லை. அவாஹியிடமே நேராகக் கேட்கும் 'அவாஹி-ரிசால்வ்' கட்டளை எண்ணைச் சரியாகத் தந்துகொண்டிருக்கும்போதே உலாவி அந்தப் பெயரைத் தெரியாது என்று சொல்வதற்கு இதுவே காரணம். அவாஹியைத் திரும்பத் திரும்ப நிறுவுவதால் இது தீராது.

வானலையின் குறையும் இதில் சேர்கிறது. வைஃபையில் தனிச்செய்தி போய்ச் சேராவிட்டால் மறுபடி அனுப்பப்படும். குழுச்செய்திக்கு அந்த வசதி இல்லை. தடித்த கருங்கல் சுவர்கள் உள்ள பழைய மலை வீடுகளில், அலை மெலிந்த மூலையில் எம்டிஎன்எஸ் விட்டுவிட்டு வேலை செய்வது இதனால்தான்.

ரவுட்டரில் பதிவு செய்வதையே நான் முதலில் பரிந்துரைப்பேன், ஏனெனில் எந்த நூலகம் கொண்ட கைபேசியும் சாதாரண டிஎன்எஸ் கேள்வியைக் கேட்கத் தெரிந்தது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இயங்குதளம் ஓடும் ரவுட்டரில் முகவரி வழங்குவதையும் பெயர் சொல்வதையும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரல் ஒன்றாகவே கவனிக்கிறது. ஆனால் மழைக்காலத்தில் மரம் சாய்ந்து மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில் ஒன்றை மறக்கக் கூடாது: யாருக்கு எந்த முகவரி தரப்பட்டது என்ற பட்டியல் அதில் தற்காலிக நினைவகத்தில் இருப்பதால், ரவுட்டர் அணைந்து எழும்போது அது அழிந்துவிடும். பனிமானி பேட்டரியில் தொடர்ந்து இயங்கி, கம்பி வழியே சுவிட்சுடன் இணைந்திருந்தால் ரவுட்டர் அணைந்ததே அதற்குத் தெரியாது. முகவரியைப் புதுப்பிக்கும் நேரம் வரும்வரை அதன் பெயர் காணாமலேயே இருக்கும். ஆகவே முகவரி ஒதுக்கீட்டோடு நிறுத்தாமல், பெயருக்கென நிலையான டிஎன்எஸ் பதிவையும் எழுதிவைக்க வேண்டும்.

பதிவு செய்யும் பெயர் லோக்கல் என்று முடியக் கூடாது, ஏனெனில் எம்டிஎன்எஸ் அமைத்த கருவிகள் அப்படிப்பட்ட பெயரை ரவுட்டரிடம் கேட்காமலே கைவிட்டுவிடக்கூடும். ஓப்பன்டபிள்யூஆர்டியின் இயல்பான 'லேன்' முடிவோ, 2018 இல் வீட்டு வலையமைப்புக்கென ஒதுக்கப்பட்ட 'ஹோம்.ஆர்பா'வோ நல்லது. கைபேசியில் ரவுட்டரை மட்டுமே டிஎன்எஸ் சேவையகமாக வைக்க வேண்டும் என்பதும் முக்கியம். பாதுகாப்புக்கென்று கூகுளின் பொது டிஎன்எஸ் சேவையகமான 8.8.8.8 ஐயும் சேர்த்தால், மசல் இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டு முதலில் வந்த பதிலை ஏற்றுக்கொள்ளும். அப்படி ஒரு பெயரே இல்லை என்று வெளிச் சேவையகம் முந்திச் சொல்லிவிட்டால் தேடல் அத்துடன் முடிந்துவிடும். பெயர் தேடலைக் கவனிக்கும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு சேவை உள்ள கைபேசிகள் இதில் மேலானவை: ஒவ்வோர் இணைப்புக்கும் தனிச் சேவையகம் வைத்து, 'லேன்' பெயர்களை வைஃபை பக்கம் மட்டும் அனுப்பும்படி அவற்றை அமைக்கலாம்.

வீட்டு வைஃபை எட்டாத கீழ்த்தட்டு நிலத்துக்குப் பனிமானியைக் கொண்டுபோய், கைபேசியையே ஹாட்ஸ்பாட் ஆக்கும்போது மட்டும் நிலைமை தலைகீழாகிறது. அங்கே ரவுட்டரும் இல்லை, அதன் பதிவும் இல்லை. இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜர் கைபேசிக்கு வழக்கமாக 10.42.0.1 என்ற முகவரியைத் தந்து, தானே ஒரு டிஎன்எஸ்மாஸ்க்கை ஓட்டினாலும், கைபேசியின் சொந்தக் கேள்விகள் சிம் நிறுவனத்தின் சேவையகத்துக்கே போகும். அந்த இடத்தில் எம்டிஎன்எஸ்தான் கைகொடுக்கும்: மோபியனில் பெயரை நேராகத் தட்டலாம், போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸில், தீச்சுவரில் (ஃபயர்வாலில்) யுடிபி 5353 ஐத் திறந்துவிட்டு, 'அவாஹி-ரிசால்வ்' தரும் எண்ணை உலாவியில் தட்ட வேண்டும்.