தில்லி கம்பளக் கடை: முடிச்சு சரி, சீட்டு எங்கே?

கரோல் பாக் பக்கம், உத்தரப் பிரதேசத்துப் பதோஹி ஊர்க் கம்பளம் விற்கும் கடை. சரக்கு அருமை. வாங்குமுன் புரட்டிப் பாருங்கள்: பின்பக்கம் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் கையால் நெய்தது, துணி ஒட்டியிருந்தால் டஃப்டட், அதாவது துணியில் நூலைக் குத்தி ரப்பர் பசையால் ஒட்டியது, அந்தப் பசை சில வருஷங்களில் பொடிந்து உதிரும். குஞ்சம், நெசவில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் தொடர்ச்சியாக இருக்கணும், தைத்ததாக அல்ல.

பெரிய குறை, ஒன்றில்கூட குட்வீவ் சீட்டு இல்லை. குழந்தை உரிமைப் போராளி கைலாஷ் சத்யார்த்தி 1994-இல் ரக்மார்க் என்ற பெயரில் தொடங்கியது அது. தறிவரை போய்ச் சோதித்து, குழந்தை உழைப்பு இல்லையென்றால்தான் எண்ணிட்ட சீட்டு. அமெரிக்கா கட்டாய உழைப்பில் செய்த சரக்கின் இறக்குமதியை 1930-லேயே தடை செய்தது. ஆனால் தன் நாட்டில் போதுமான அளவு உற்பத்தியாகாத பொருளுக்கு விலக்கு வைத்து, 2016-இல்தான் அதை நீக்கியது. வியாபாரத்துக்காகக் குழந்தைகளை அப்படிக் காக்க வைப்பது அநியாயம். கடைக்காரரிடம் சீட்டு எண்ணைக் கேளுங்கள். இல்லையென்றால் எந்தத் தறி, யார் நெய்தது என்றாவது கேளுங்கள்.